பின்தொடை சுமக்க ஒரு பை

கேலன் கோல்ஸ்டடுக்குப் புதுச் சுமைப்பை வாங்க மிஸூலா நகரத்துக்குப் போகிறார்கள் என்ற செய்தி, அவர்கள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே கார்வர் ஊரின் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. டீசல் போட்டவர் கண்ணாடி வழியாகக் குனிந்து, நல்ல பெரிய பையாகப் பார்த்து வாங்கச் சொல்லி கேலனுக்கு யோசனை சொன்னார். கேலனும் பெரிய மனிதர் தோரணையில் தலையாட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவன் மனைவி ஆர்டித் வண்டியைக் கிளப்பினாள். பை அவனுக்கு இல்லை, தனக்கு என்று அவள் மே மாதமே முடிவு செய்திருந்தாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் செப்டம்பர் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை.

ஆர்டித்துக்கு அறுபத்தொரு வயது. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். அவள் பேருந்தில் மூக்கொழுக ஏறிய பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது மூக்கொழுக ஏறுகிறார்கள். ஜனவரி மாதத்தில் கண்ணாடிபோல் உறைந்து கிடக்கும் மேட்டில் நடுவழியில் இறங்கி, தானே மண்டியிட்டு, பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிவிட்டுப் பிள்ளைகளை நேரத்துக்கு இறக்கிவிடுவாள். கேலன் மர அறுவை மில்லில் வேலை பார்த்தவன். மில் மூடியதும் அரசாங்கத்துக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டினான். கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அந்த உடம்பின் மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை ஊருக்கே தெரிந்ததுதான்.

கல்யாணமான புதிதில் அவர்களுக்குப் பரிசாக மூன்று டோஸ்டர்கள் வந்தன. மூன்றையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தோடு கொஞ்சம் போட்டு, அலுமினியக் குழாய்ச் சட்டம் வைத்த சுமைப்பைகள் இரண்டு வாங்கினார்கள். ஆர்டித்தின் அம்மா அழாத குறை. ரொட்டியை எதில் சுடுவாய் என்று கேட்டாள். நெருப்பில் என்றாள் ஆர்டித். அந்த நவம்பரில் மலைக்கு வேட்டைக்குப் போன இடத்தில் ரொட்டியை நெருப்பில்தான் சுட்டார்கள். கூடாரத்தின் வாசலில் எல்க் மானின் ஈரலையும் வெங்காயத்தையும் ஒரே சட்டியில் வதக்கி, கரிந்த ரொட்டியோடு தின்றார்கள். இன்றைக்கும் அவளுக்குத் தேனிலவு என்றால் அந்த வெங்காய வாசனைதான். அப்படி ஒரு சந்தோஷம் பிறகு எத்தனையோ நல்ல நாட்களில் கூட வரவில்லை.

எல்க் என்பது குதிரை உயரம். சுடுவது ஒரு நொடி வேலை. சுட்ட பிறகுதான் வேட்டையே ஆரம்பிக்கிறது. அறுத்து, நான்கு கால்களாகப் பிரித்து, துணிப்பையில் கட்டி, மலையிலிருந்து சாலை வரைக்கும் முதுகில் கொண்டுவர வேண்டும். பின்தொடைகள் இரண்டும் கேலனுக்கு, முன்சப்பைகளும் கழுத்துக்கறியும் ஆர்டித்துக்கு என்று முதல் வருடமே பாகம் பிரித்தாகிவிட்டது. துணிப்பைகளை அவள் பழைய படுக்கை விரிப்புகளில் தைப்பாள். அதனால் ஒவ்வொரு நவம்பரிலும் அவனுக்குப் பின்னால் நடக்கும்போது, தன் பழைய விரிப்பின் ரோஜாப்பூக்கள் ஃபிர் மரங்களுக்கு நடுவில் ஆடி ஆடிப் போவதை அவள் பார்த்துக்கொண்டே வருவாள். ஈரக் கம்பளி வாடை, பிசின் வாடை, முன்னால் அவனுடைய பெருமூச்சு. நடந்துகொண்டே அவன் கதை சொல்வான். மூச்சு வாங்குவதால் கதை துண்டு துண்டாக வரும். ஒரு கதை முடிய அரை மலை இறங்க வேண்டும்.

கார்வரில் ஒரு விதி உண்டு. நீ நிற்கும் தடத்துக்குக் கீழே நிற்கிற மானைச் சுடாதே. மேலே சுட்டால் இறக்கிக்கொண்டு வரலாம், கீழே சுட்டால் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கல்யாணமான நான்காம் வருடம், கொம்பைப் பார்த்து மயங்கி, ஆர்டித் கிணறு மாதிரி இருந்த ஒரு பள்ளத்துக்குள் சுட்டுவிட்டாள். குறி தப்பவில்லை, அதுதான் தப்பாகிப்போனது. மூன்று நாள் சுமந்தார்கள். கேலன் ஒரு சுடுசொல் சொல்லவில்லை. ஊர் திரும்பியதும் மதுக்கடையில் உட்கார்ந்து அந்த இடத்துக்கு ஆர்டித் பள்ளம் என்று பெயர் வைத்தான். இன்றைக்கும் ஊரில் வழி சொல்கிறவர்கள், ஆர்டித் பள்ளத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பு என்றுதான் சொல்கிறார்கள். வனத்துறை வரைபடத்தில் மட்டும்தான் இன்னும் ஏறவில்லை.

போன நவம்பரில் இறங்கும் வழியில் கேலன் விழுந்தான். பின்தொடையோடு பக்கவாட்டில் சரிந்ததில் சட்டத்தின் பற்றவைப்பு விட்டுப்போயிற்று. ஆர்டித் ஓடி வந்து பார்த்தபோது பனியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த கிளையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பிறகு மிஸூலா ஆஸ்பத்திரியில் இதய ரத்தக் குழாய்க்குள் ஸ்டென்ட் வைத்தார்கள். இருபது பவுண்டுக்கு மேல் எதையும் சுமக்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். டாக்டர் தூண்டில் போட்டு மீன் பிடித்து, பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விடுகிற ஆள், அவருக்குச் சுமையைப் பற்றி என்ன தெரியும் என்று கேலன் வீடு வரும்வரை புலம்பினான்.

சுமக்க ஆள் இல்லையென்றால் மலை இல்லை. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டுச் சுடுகிறவர்களை கேலன் ஆயுள் முழுக்கக் கேலி செய்திருக்கிறான், தானே அப்படிச் சுட மாட்டான். வாடகைக் குதிரையும் அவனுக்கு ஆகாது. யாரையாவது சுமக்கக் கூப்பிட்டால் வருவார்கள், பாதிக் கறியை வாங்கிக்கொள்வார்கள், அதெல்லாம் பரவாயில்லை. ஆனால் அதற்கப்புறம் ஊரில் யாரும், இந்த வருடம் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று கேட்க மாட்டார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்பார்கள். கேலன் அதைத் தாங்க மாட்டான். அவனைவிட ஆர்டித் தாங்க மாட்டாள். வருடத்தில் பத்து நாள் அந்த மலையில் அவர்கள் புதுப் பெண்டாட்டி புருஷனாக இருந்தார்கள். அந்தப் பத்து நாளை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அதற்காக அவனை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

அதனால் மே மாதத்திலிருந்து சாயங்காலப் பேருந்தை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூட மைதானத்தின் படிக்கட்டுகளில் உப்பு மூட்டை சுமந்து ஏறி இறங்கினாள். வீட்டில் தண்ணீரை மென்மையாக்கும் இயந்திரத்துக்குப் போடுகிற உப்பு. மூட்டை நாற்பது பவுண்டு. தன் பிக்கப் வண்டியின் பின்பலகை மேல் பையை நிறுத்தி, அதில் முதுகைக் கொடுத்து மாட்டிக்கொண்டு நடப்பாள். ஆகஸ்டில் ஒரு பின்தொடையின் கனத்துக்கு இரண்டு மூட்டை வைத்தபோது அவளுடைய பழைய பையின் இடுப்புப் பட்டை கிழிந்தது. முன்சப்பைக்காகச் செய்த பைதானே, அதைக் குற்றம் சொல்ல முடியாது.

"எண்பது பவுண்டு தாங்குற மாதிரி பாக்கணும்," என்றான் கேலன், மிஸூலா எல்லையில் வண்டி நுழையும்போது.

"பை எல்லாம் தாங்கும்," என்றாள் ஆர்டித்.

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரயில் பாதையை ஒட்டியிருந்த கடையில் சுமைப்பைகள் ஒரு சுவர் முழுக்கத் தொங்கின. விற்பனையாள் டிரென்டுக்கு நாற்பது வயது இருக்கும், செந்தாடி, மலையேறிய கால்கள். நேராக கேலனிடம் போய்க் கைகொடுத்தான். ஆர்டித்தைப் பார்த்து, துணைக்கு வந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பைச் சிரித்தான். கார்பன் சட்டம் வைத்த பையைக் காட்டி விலையைச் சொன்னபோது கேலன், இந்தப் பணத்துக்கு ஒரு கோவேறு கழுதையே வாங்கலாமே, அது தானாகவே நடக்குமே என்றான். டிரென்ட் இந்த நகைச்சுவையைத் தினமும் கேட்கிறவன் மாதிரி பொறுமையாகச் சிரித்துவிட்டு, பைக்குள் மணல் பைகளைத் திணித்தான். பிறகு அதைத் தூக்கி கேலனின் முதுகில் மாட்டிவிட்டான்.

ஆர்டித் தடுத்திருக்கலாம். நாலு பேர் முன்னால் அவனைத் தடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. கேலன் நிமிர்ந்து நடந்தான். துப்பாக்கி அலமாரிகளைச் சுற்றி வந்தான். மாடிக்குப் போகும் படிகளில் ஏறி, மேலே இருந்த பாடம் செய்த மலையாட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினான். கடைசிப் படியில் நின்று, இறகு மாதிரி இருக்கிறது என்றான். ஆனால் கைப்பிடியை விடவில்லை. விரல்கள் அதை அழுத்திப் பிடித்திருந்தன. மேலுதட்டில் வேர்வை. உதட்டில் அந்தச் சாம்பல் நிறம்.

"அதக் கழட்டு," என்றாள். பிறகு டிரென்டைப் பார்த்து, "எனக்கு முதுகு அளவெடுப்பா. பை எனக்கு," என்றாள்.

டிரென்ட் ஒரு கணம் தடுமாறிவிட்டு, கேலனிடமிருந்து பையை இறக்கி வாங்கினான். கேலன் செருப்புப் போட்டுப் பார்க்கும் பெஞ்சில் உட்கார்ந்தான். மெல்ல மூச்சு சீரானது.

"உப்பு மூட்ட தூக்குனது பத்தலையா உனக்கு?" என்றான்.

ஆர்டித்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்பத் தெரியும்?"

"மே மாசத்துலேர்ந்து. நம்ம வீட்டு மெஷின் அவ்வளவு உப்பு திங்காது, ஆர்டி."

"தெரிஞ்சா கேக்க வேண்டியதுதான?"

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதான?"

கேலன் எழுந்து, விறுவிறுவென்று மீன்பிடிச் சாமான்கள் இருந்த பக்கம் போய்விட்டான். ஆயுளில் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதன், தூண்டிலில் மாட்டும் பொம்மை ஈக்கள் அடுக்கிய பெட்டிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முதுகைப் பார்க்கவே ஆர்டித்துக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது. இத்தனை மாதம் தெரிந்துகொண்டே, உப்புத் தூள் ஒட்டிய சட்டையோடு வீட்டுக்கு வந்தவளிடம் பேருந்து எப்படி ஓடியது என்று கேட்டிருக்கிறான்.

டிரென்ட் அவளைத் தலைகுனியச் சொல்லி, பிடரியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரைக்கும் நாடாவைப் பிடித்தான். பழைய அளவைவிட ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. எங்கே போயிற்று அந்த ஒன்றரை அங்குலம் என்று கேட்டாள் ஆர்டித். மலையிலே விட்டிருப்பீர்கள் மேடம் என்றான் டிரென்ட். அதற்குப் பிறகு அவனை அவளுக்குப் பிடித்துவிட்டது.

முதல் பை நடக்கும்போது கிறீச்சிட்டது. இதை மாட்டிக்கொண்டு போனால் மான்கள் கனடாவுக்கே ஓடிவிடும் என்று கழற்றிவிட்டாள். இரண்டாவதில் ஏகப்பட்ட ஜிப்புகள், தண்ணீர்க் குழாய், தொலைபேசிக்கு ஒரு பாக்கெட். கறி எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருந்தது. மூன்றாவது பார்க்க அவலட்சணம், மண் நிறம். ஆனால் சட்டத்துக்கும் பைக்கும் நடுவில் கறியை வைக்க ஒரு தட்டு இருந்தது, பாரம் முதுகோடு ஒட்டி உயரத்தில் உட்கார்ந்தது. இடுப்புப் பட்டையை இறுக்கியதும் தோளிலிருந்து கனம் இறங்கிவிட்டது. ஆயுள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நின்று திட்டிய இடுப்பு, இன்றைக்குத்தான் ஒரு உபகாரம் செய்கிறது என்று அவள் சொல்ல, டிரென்ட் மரியாதைக்காகக் கூரையைப் பார்த்தான்.

எண்பது பவுண்டு மணலோடு நடந்தாள். படியேறினாள், இறங்கினாள். மைதானப் படிகள் வீண்போகவில்லை. டிரென்டுக்கு அவளைவிட அதிக சந்தோஷம். இதுவே உங்கள் பை, ரசீது போட்டுவிடலாமா என்றான்.

"கொஞ்சம் இருப்பா. இத இறக்கித் தரையில வை."

கடையில் யாராவது பையைத் தூக்கி மாட்டிவிடுகிறார்கள். அவளுடைய வண்டிக்குப் பின்பலகை இருந்தது. மலையில் இரண்டும் கிடையாது. பின்தொடையைத் தரையில் வைத்துத்தான் பையில் கட்ட வேண்டும், தரையில் உட்கார்ந்துதான் கைகளை நுழைக்க வேண்டும், அங்கிருந்து எழ வேண்டும். வழியில் இளைப்பாற உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் அதே எழுகை. இதை யோசிக்காமல் நான்கு மாதம் உப்பு சுமந்தோமே என்று ஆர்டித்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

கடைத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். வார்களில் கைகளை நுழைத்தாள், பட்டையைப் பூட்டினாள். முன்னால் சாய்ந்து எழப் பார்த்தாள். பை அவளைப் பின்னால் இழுத்து உட்காரவைத்தது. பக்கவாட்டில் புரண்டு முழங்காலில் நின்று, ஒரு காலை ஊன்றினாள். தொடை நடுங்கியது. பாதி எழுந்து, பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடி முயன்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கம்பளிக் காலுறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி அதைக் கீழே வைத்துவிட்டு இவளைப் பார்த்தார்கள். முன்சப்பை சுமந்த காலத்தில் அவள் வழியில் உட்கார்ந்ததே இல்லை. மரத்தில் சாய்ந்து நின்றபடிதான் இளைப்பாறுவாள். கேலன் உட்காருவான். உட்கார்ந்தவனை எழுப்ப ஒருவர் நின்றாக வேண்டுமே.

டிரென்ட் ஓடிவந்து கை நீட்டினான்.

"நீ மலைக்கு வரப் போறியா?" என்றாள் ஆர்டித். அவன் கையை மடக்கிக்கொண்டான். அவனைக் கோபித்து என்ன பயன் என்று அவளுக்கே தோன்றியது. தனியாக எழ முடியாது. அப்படியென்றால் தனியாகச் சுமக்கவும் முடியாது. துப்பாக்கிகளை விற்றுவிட வேண்டியதுதான். நடுக்கடையில், தரையில், முதுகில் மணலோடு, அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

மீன்பிடிச் சாமான்கள் பக்கமிருந்து பூட்ஸ் சத்தம் கேட்டது. கேலன் வந்து அவள் முன்னால் நின்றான். தன் பூட்ஸ் நுனிகளை அவள் பூட்ஸ் நுனிகளோடு முட்டுக் கொடுத்தான். குனிந்து அவளுடைய மணிக்கட்டுகளைப் பிடித்தான்.

"வேண்டாம். நீ தூக்கக் கூடாது."

"தூக்கப் போறதில்ல. சாயப் போறேன். சாயக் கூடாதுன்னு டாக்டர் சொல்லல."

அவளும் அவன் மணிக்கட்டுகளைப் பிடித்தாள். கேலன் பின்னால் சாய்ந்தான். இழுக்கவில்லை, முக்கவில்லை, தன் பாரத்தைப் பின்னால் போகவிட்டான், அவ்வளவுதான். பெரிய உடம்பு பின்னால் போகப் போக ஆர்டித் மேலே வந்தாள். கால் ஊன்றியது, இடுப்பில் பட்டை பிடித்தது, நின்றுவிட்டாள். நின்றதும் முதல் வேலையாக அவன் உதட்டைப் பார்த்தாள். சிவப்பாகத்தான் இருந்தது.

கேலன் கைகளை விடவில்லை. முகம் ஒரு மாதிரியாக இருந்தது, ஏதோ கணக்கு இப்போதுதான் பிடிபட்டவன் மாதிரி.

"இத்தன வருஷமா நாந்தான் சுமக்குறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்," என்றான். "ஒரு தடவகூட நானா எந்திரிச்சதில்ல, ஆர்டி."

"அத நான் யார்கிட்டயும் சொன்னதில்லையே."

அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு கையை விட்டுவிட்டு, உடனே திரும்பவும் பிடித்துக்கொண்டான்.

மணலை எடுத்துவிடலாமா என்று டிரென்ட் மெதுவாகக் கேட்டான்.

"இருப்பா, இரு," என்றான் கேலன். "ஆர்டி, இன்னொரு தடவ உக்காரு. பூட்ஸ் முட்டுக் குடுத்தது கொஞ்சம் தள்ளிப் போயிடுச்சு. எனக்குப் புது வேல, பழகணும்ல."

ஆர்டித் உட்கார்ந்தாள்.